குடைக்குப் பதில் குதிரை கேட்ட கோட்டக்கா

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கேலிச்சித்திரப் படக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் என் இரு பக்கமும் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் சக கலைஞர்களே, முன் வரிசையில் இருக்கும் கோட்டக்காவின் மகளே, நாற்காலி போதாமல் கதவோரம் நிற்கும் பேருந்துப் பணிமனைத் தோழர்களே, பேச்சுப் பயிற்சி மையத்திலிருந்து ஒருவரை ஒருவர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகளாக என் வேலை சத்தம் போடுவது. படத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் ஈரத் துணியைத் தரையில் அடிப்பேன். கதவு கிறீச்சிட்டால் பழைய நாற்காலியில் ஏறி ஆடுவேன். அதனால் எனக்குச் 'சத்தம்' என்றே பெயர். "சத்தம், சத்தம் போடாதே!" என்று அக்கா அதட்டுவார். அடுத்த நிமிடமே, "சத்தம், ஏன் சத்தமே காணோம்?" என்று தேடுவார். பதினான்கு நாட்களாக அந்த அதட்டல் இல்லை. இந்த அறையில் இவ்வளவு பேர் இருந்தும் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பார்த்தீர்களா?

கோட்டக்கா! கோடு போடுகிற அக்கா. புதிதாக வருகிறவர்கள், "கோட்டு எங்கேங்க, போடலையா?" என்று கேட்பார்கள். அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை. "தைக்கக் குடுத்திருக்கேன், இன்னும் வரல" என்பார். இந்தச் சங்கம் அவருக்குச் 'சிலேடைச் சித்திரப் பேரரசி' என்று பட்டம் கொடுத்தபோது, தலைவர் அவர்களே, நீங்கள்தான் பட்டயத்தை வாசித்தீர்கள். அக்கா ஒலிபெருக்கி முன்னால் வந்து என்ன சொன்னார்? "பேர் அரிசியா? எத்தனை கிலோங்க?" என்றார். அவ்வளவுதான் ஏற்புரை! விழாவை அதற்குமேல் நடத்த முடியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தோம்.

அவருடைய முதல் படத்தைப் பார்க்காதவர் இங்கே யாராவது உண்டா? 'மூடி எங்கே?' ஏழே நிமிடப் படம். டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் பட்டறையில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் காகிதத்தின் மேல் காகிதம் வைத்து வரைந்தார். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம். படத்தின் நாயகன் ஒரு வழுக்கைத் தலை மனிதன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பான், சொன்னதைச் சொன்னபடியே செய்வான். மேலாளர் "கொஞ்சம் காதைக் கொடு" என்றால், காதைக் கழற்றித் தட்டில் வைத்து நீட்டுவான். "ஓடு!" என்றால் கூரைமேல் ஏறி ஓடாகப் படுத்துக்கொள்வான். மேலாளருக்குத் தலைக்கு மேல் வேலை. நிமிர்ந்து பார்த்தால் அவர் தலைக்கு மேலே நான்கு பேர் சுத்தியலோடு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கு மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபம் சின்னதாக, சிவப்பாக, மூக்கின் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் மேலாளர் பொறுக்க முடியாமல் "வாயை மூடு!" என்று கத்துவார். நம் ஆள் அலுவலகம் முழுக்கத் தேடிவிட்டுப் பரிதாபமாகக் கேட்பான்: "மூடி எங்கே?"

இன்று சொன்னாலும் சிரிக்கிறீர்கள். அன்று என்ன நடந்தது தெரியுமா?

படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்த ஒளிபரப்பு நிலையத்தில், நிகழ்ச்சிப் பிரிவு அதிகாரிக்குப் போட்டுக் காட்டினோம். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஏழு நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். விளக்கு எரிந்ததும் சொன்னார்:

"வரைஞ்சதெல்லாம் பிரமாதம்மா. ஆனா முழுக்க முழுக்க வார்த்தையை வச்சே ஓட்டியிருக்கீங்களே. இந்த மொழி தெரியாதவங்களுக்கு எப்படிப் புரியும்?"

அக்கா அமைதியாகக் கேட்டார்: "இந்த மொழி தெரிஞ்சவங்க யாருமே இல்லைங்களா?"

"அப்படி இல்லம்மா... வார்த்தையை எடுத்துட்டு, துரத்துறது, ஓடுறது, விழுறதுன்னு மாத்திக் குடுங்க. எங்க வேணா போடலாம்."

"வார்த்தையை எடுத்துட்டா வழுக்கை மனுஷன் ஒருத்தர் சும்மா ஓடுறாருங்க. அவருக்கு ஏன் ஓடணும்னே தெரியாதுங்க."

படச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு அதுதான் முதல் படம். படியிறங்கும்போது அழாக்குறையாகக் கேட்டேன்: "ரெண்டு வருஷ உழைப்புக்கா. மாத்திக் குடுத்துடலாமே?" அக்கா நின்றார். "தம்பி, சிரிக்கவேண்டியவங்க இன்னும் படத்தையே பார்க்கல. பார்க்காதவங்க சிரிக்கலைன்னு நான் ஏன் வருத்தப்படணும்?" என்றார்.

மறுநாள் படத்தை எங்கே கொண்டுபோனார்? பேருந்துப் பணிமனைக்கு! அக்காவின் கணவர், காலஞ்சென்ற எங்கள் அத்தான், அங்கே ஓட்டுநர். ஓட்டுநர்கள் களைப்பாறும் அறையின் சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினோம். மதிய இடைவேளை. உண்டு முடித்துக் கண் சொருகிக்கொண்டிருந்த நாற்பது பேர். காதைத் தட்டில் வைத்து நீட்டும் காட்சி வந்தது. ஒருவர் சிரித்தார். தலைக்கு மேல் வேலை வந்தது. பத்துப் பேர் சிரித்தார்கள். "மூடி எங்கே?" வந்தபோது அந்தத் தகரக் கூரையே அதிர்ந்தது. "இன்னொரு தடவை போடும்மா!" என்று மூன்று முறை போடவைத்தார்கள். அன்று மதியம் அந்த ஊரில் பல பேருந்துகள் தாமதமாகத்தான் புறப்பட்டன. பணிமனைத் தோழர்களே, அந்தக் குற்றம் எங்களுடையது!

அதன்பிறகு ஓட்டுநர்கள் நடத்துநர்களிடம் "மூடி எங்கே?" என்றார்கள். நடத்துநர்கள் பயணிகளிடம். பயணிகள் வீட்டில். ஆறு மாதத்தில், அந்த நிலையத்துக்கே எழுதிக் கேட்டு எழுதிக் கேட்டு மக்களே படத்தை ஒளிபரப்ப வைத்தார்கள். ஒரு வார்த்தையைக்கூட எடுக்காமல்! அதே அதிகாரி பின்னாளில் ஓய்வு பெற்றபோது அக்காவுக்குக் கடிதம் எழுதினார். "நான் அன்று காதைக் கொடுக்கவில்லை" என்று ஒரே வரி. அக்கா அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது அந்தப் புகழை அல்ல. அது உங்களுக்கே தெரியும். கடைசி நான்கு ஆண்டுகள் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலைப்பொழுது. அக்கா மேசையில் இருந்தார். நான் ஒலிநாடா சுற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி, அந்தப் படகை எடு" என்றார். புரியவில்லை. "படகுடா, படகு!" என்று கையை நீட்டினார். அவர் கை நீண்ட இடத்தில் அழி ரப்பர் இருந்தது. ஏதோ புதுச் சிலேடை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. கை தப்பியது. கால் கொஞ்சம் இழுத்தது, அதுவும் சரியாயிற்று. போனது எது? வார்த்தை! நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். அவர் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. யோசித்துப் பாருங்கள். காலில்லாத ஓட்டக்காரர் என்றால்கூடக் கொஞ்சம் புரியும். ஒரு சொல்லுக்குள் இரண்டு சொல்லைக் கண்டுபிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு, வேண்டிய ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால்?

பேச்சுப் பயிற்சிக்குப் போனார். பயிற்சி தரும் அம்மையார் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். நானும் ஒருநாள் கூடப் போயிருந்தேன். ஒரு கோப்பையின் படம். "இது என்னங்க?" அக்கா நெடுநேரம் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். பிறகு தெளிவாக, உறுதியாகச் சொன்னார்: "மாமியார்."

நான் சிரித்துவிட்டேன்.

இந்த மேடையில் இதை மறைக்க நான் விரும்பவில்லை. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அக்காவின் மகள் கணக்கு ஆசிரியை. பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"மாமா, நீங்க இனிமே வராதீங்க."

"தப்புதாம்மா. தெரியாம—"

"அம்மா ஜோக் சொல்லல மாமா. அம்மாவுக்கு வார்த்தை வரல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையா உங்களுக்கு?"

வந்துவிட்டேன். மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போக முகம் இல்லை.

ஒருநாள் தபாலில் ஒரு உறை வந்தது. முகவரி ஏதோ பழைய உறையிலிருந்து வெட்டி ஒட்டியது. உள்ளே ஒரே ஒரு தாள். எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத வராதே அவருக்கு. கோட்டுச் சித்திரம். வரைந்திருப்பது என்னைத்தான், இந்தத் தொப்பையை வேறு யாருக்கு வரைய முடியும்? நான் ஒரு தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தட்டில் என் காது.

காது கொடு!

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பட்டறை நடுவில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர்களே, எனக்கு அப்போது என்ன புரிந்தது? அவர் நாக்கிலிருந்து வார்த்தை போயிருக்கலாம். கையிலிருந்து போகவில்லை! அக்கா பேசுகிறார். கேட்கத்தான் ஆளில்லை!

நேராக வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். தாளை நீட்டினேன். அவள் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க மாமா" என்றாள்.

அக்கா மேசையில் எனக்காக இன்னும் முப்பது தாள் வைத்திருந்தார். ஒரு வயதான பெண்மணி. அவள் வாயில் வார்த்தை மாறி மாறி வருகிறது. உலகம் அவள் சொன்னபடியே நடந்துகொள்கிறது. கடைக்குப் போய்க் குடை கேட்க நினைக்கிறாள். "குதிரை" என்று சொல்லிவிடுகிறாள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் குதிரையை அவிழ்த்துக் கொடுக்கிறார். தெருவில் மழை கொட்டுகிறது. குடை வைத்திருந்தவர்களின் குடையெல்லாம் காற்றில் திருப்பிக்கொண்டு பறக்கிறது. நம் பெண்மணி மட்டும் குதிரையின் வயிற்றுக்கு அடியில், ஒரு சொட்டு நனையாமல், நிதானமாக நடந்து போகிறாள்!

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று எனக்குப் பயம். அவர் மேசையைத் தட்டினார். "சத்தம்... சத்தம் எங்க?" என்றார். மாறாமல் வந்த வார்த்தை! அன்று நான் சிரித்த சிரிப்பு பட்டறைக்குக் கீழே இருக்கும் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும், அக்காவின் வீடு வேறு தெருவில் இருந்தாலும்.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டாள்:

"அம்மா, இது உன் நோயும்மா. இதைப் படமாக்கி ஊரே பார்த்துச் சிரிக்கணுமா?"

அக்கா பதில் சொல்ல முயன்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "ஊர்... பின்னாடி. நான்... முன்னாடியே... சிரிச்சாச்சு."

மகள் உள்ளே போய்விட்டாள். ஒப்புக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மூன்று ஆண்டுகள் வேலை செய்தோம். அக்காவின் குரலையே பதிவு செய்தோம். எந்த வார்த்தை வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் குரல், அதைக் கேட்டு அதற்கேற்றபடி வாயை வரைவது. அக்கா தன் குரலைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டு, தன் தடுமாற்றத்துக்குத் தானே கோடு போட்டார். உங்களில் எத்தனை பேரால் அது முடியும்? என்னால் முடியாது!

பாதிப் படம் முடிந்ததும், அதை முதலில் யாருக்குக் காட்டுவது என்ற கேள்வி வந்தது. அக்கா அந்த அட்டைகளை எடுத்துக் காட்டினார். பேச்சுப் பயிற்சி மையம்! மகள் பதறினாள். "அங்க இருக்கிறவங்க மனசு நொந்து போகும்மா" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் இருவரும் சேர்ந்து அக்காவைத் தடுக்கப் பார்த்தோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

அன்று அந்தக் கூடத்தில் இருபத்திரண்டு பேர். அவர்களோடு அவரவர் வீட்டார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார். இதோ, மூன்றாவது வரிசையில் இப்போதும் இருக்கிறார். வார்த்தை மாறிப்போகிறதே என்ற கூச்சத்தில் ஓராண்டாக வீட்டில் ஒரு சொல் பேசாதவர். படம் ஓடியது. அந்தப் பெண்மணி குதிரை கேட்டாள். நோயாளிகளின் வீட்டார் சிரிக்கப் பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மழை கொட்டியது. அவள் குதிரைக்கு அடியில் நடந்தாள்.

அந்தப் பெரியவர் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொண்டை வறண்டுபோய்ப் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்து, "தபால்... தபால்" என்றார்.

அந்த அம்மா தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்: "தபால் வர இன்னும் நேரமாகுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் தண்ணி தரட்டுமா?"

அவ்வளவுதான்! இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று அந்தக் கூடத்தில் மாறிப்போன வார்த்தைகள் எத்தனை பறந்தன தெரியுமா? யாரும் யாரையும் திருத்தவில்லை. பெரியவர் அன்றிலிருந்து பேசுகிறார். தப்பும் தவறுமாக, நாள் முழுக்கப் பேசுகிறார். "இப்போ நிறுத்த முடியலைங்க" என்று அந்த அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்!

அன்று மாலை வீடு திரும்பியதும் மகள் அம்மாவின் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "குதிரைக்கு என்ன கலரும்மா?" என்று கேட்டாள். அக்கா யோசித்து, "வெள்ளிக்கிழமை" என்றார். மகள் சிரித்துக்கொண்டே வெள்ளைச் சாயத்தை எடுத்தாள். அன்றிலிருந்து படத்தின் வண்ணமெல்லாம் அவள் கை வண்ணம்.

பதினாறு நாட்களுக்கு முன்பு அடைப்பு மறுபடி வந்தது. இந்த முறை மருத்துவமனையில் இரண்டே நாள். இரண்டாம் நாள் பிற்பகல் நான் பார்க்கப் போனேன். விழித்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "வந்துட்டு... போறேன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்றேன். அக்கா ஆட்காட்டி விரலை இப்படியும் அப்படியும் அசைத்தார். இல்லை என்றார். கண் மட்டும் சிரித்தது. மறுநாள் விடியும் முன் போய்விட்டார்.

அது நோய் பேசிய பேச்சா? தெரிந்தே சொன்னதா? ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை, உண்ணவில்லை. பிறகு நானும் மகளும் பட்டறையைத் திறந்து படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஆறு நிமிடம் இருபது நொடி தயார். கடைசி நாற்பது நொடிக்கு முக்கியமான அறுபது படங்களை அக்கா வரைந்து அடுக்கி வைத்திருந்தார். அடுக்கின் மேல் தாளில் தேதி முத்திரை. மருத்துவமனைக்குப் போவதற்கு முப்பத்தைந்து நாள் முன்பு. அந்தப் பெண்மணி வாசலில் நின்று, திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்கிறாள். அந்தக் காட்சிக்குக் குரல் பதிவே இல்லை. மற்ற எல்லாக் காட்சிக்கும் குரல் முதலில், வாய் பிறகு. இந்த ஒன்றுக்கு மட்டும் வாயை முதலிலேயே வரைந்துவிட்டார்!

என்ன சொல்கிறாள் என்று மகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். முப்பத்தோரு ஆண்டுகளாக வரைந்த வாய்க்குச் சத்தம் பொருத்துவதுதானே என் பிழைப்பு? "போயிட்டு வரேன்" என்றால் இரண்டு உதடும் ஒட்டித் தொடங்க வேண்டும். சொல்லிப் பாருங்கள். ஒட்டுகிறதா? அக்கா வரைந்த முதல் வாயில் உதடுகள் ஒட்டவில்லை. கீழ் உதடு மேல் பல்லைத் தொடுகிறது. வ! அடுத்த தாள்களைப் புரட்டினேன். சற்றுத் தள்ளி உதடுகள் ஒட்டின, பிறகு குவிந்தன. போ!

வந்துட்டுப் போறேன்.

முப்பத்தைந்து நாள் முன்பே வரைந்திருக்கிறார்! எந்த வார்த்தை வரும் என்று தெரியாத ஒருவர், இந்த வார்த்தையை மட்டும் தெரிந்தே வைத்திருந்திருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம் தடுமாறவில்லை. வசனம் சொல்லிப் பார்த்திருக்கிறார்! ஒரு சொல்கூட இடம் மாறாமல்! நானும் மகளும் அந்தக் கண்ணாடி மேசையின் இரு பக்கமும் நின்று அழுதோம், சிரித்தோம். எது எப்போது முடிந்து எது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

அவையோரே! அந்த அறுபது படங்களுக்கு இடையில் இன்னும் நானூற்று இருபது படங்கள் வரைய வேண்டும். மேடையில் இருக்கும் நான்கு கலைஞர்கள் ஆளுக்கு நூற்றைந்து என்று பிரித்துக்கொண்டார்கள். வண்ணம் மகள். படத்தில் தெருவில் போகிறவர்களின் குரல் பயிற்சி மைய நண்பர்கள்; வார்த்தை மாறினால் மாறியபடியே பதிவாகும். முதல் காட்சி பேருந்துப் பணிமனையில், மதிய இடைவேளையில். ஆறு மாதத்தில் முடிப்போம் என்று உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். எந்த அதிகாரி வந்து கேட்டாலும் ஒரு வார்த்தையையும் எடுக்க மாட்டோம்!

அந்தக் கடைசி வசனத்தை நேற்று மகளின் குரலில் பதிவு செய்தோம். மூன்று முறை அவளுக்குப் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்றே வந்தது. வாய் பொருந்தவில்லை. நான்காம் முறை அழுகை வந்துவிட்டது. ஐந்தாம் முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, "வந்துட்டுப் போறேன்" என்றாள். சரியாகச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவளையறியாமல் சின்னதாக ஒரு சிரிப்பு. நாடாவில் அதுவும் பதிந்துவிட்டது.

"அதை வெட்டிடுங்க மாமா" என்றாள்.

வெட்ட மாட்டேன் அம்மா. படம் அந்தச் சிரிப்போடுதான் முடியும்.